பிரேசில் ஷவரும் எங்கள் உவர்க் கிணறும்

17.1.85 வியாழன்

வாடைக்காற்று இன்னும் ஓயவில்லை. காலை ஐந்தரைக்கு இவர் குளிக்கக் கிடாரத்தில் தண்ணீர் சுடவைத்தேன். அடுப்பெரிக்கிற பனைமட்டையெல்லாம் ஈரம், குசினி முழுக்கப் புகை. இவருக்குத் தொய்வு தொடங்கிவிட்டது. ஏழு மணிவரை கதிரையின் கையைப் பிடித்தபடி இழுத்து இழுத்து மூச்சு. பச்சைத் தண்ணீரில் குளித்தாலும் இழுப்பு. சுடவைத்துக் கொடுத்தாலும் புகையில் இழுப்பு. மண்ணெண்ணெய் அடுப்புப் பற்ற வைக்கலாமென்றால் சங்கக்கடையில் மண்ணெண்ணெய் இல்லை.

படிப்பிக்கப் பள்ளிக்கூடத்துக்குப் பிந்திப் போனேன். அதிபர் என்னைப் பார்க்கவில்லை. மணிக்கூட்டைப் பார்த்தார்.

பின்னேரம் என் தம்பி தந்துவிட்டுப் போன பெட்டியைத் திறந்தோம். கப்பலில் வேலை செய்கிறவன், பிரேசில் துறைமுகத்தில் வாங்கினானாம். வெள்ளைப் பிளாஸ்ரிக்கில் ஒரு ஷவர். அதன் தலைக்குள் கம்பிச் சுருள். குழாயில் பூட்டிக் கறண்ட் கொடுத்தால், தண்ணீர் அதற்குள்ளால் வரும்போதே சுட்டு வரும். அடுப்பில்லை, புகையில்லை. "அத்தானுக்கெண்டுதான் வாங்கினனான்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

இவர் அதை மடியில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பண்டாரவளையில் பதினாறு வருடம் மின்சாரச் சாமான் கடை நடத்திய மனிதர். 83 கலவரத்தில் கடையை எரித்த பிறகு, பூட்டிக் கிடந்த இந்த மச்சாள் வீட்டுக்கு வந்து ஒன்றரை வருடம். இத்தனை நாளில் இவர் கையில் ஒரு திருகாணியைக்கூட நான் காணவில்லை. இன்றைக்குக் கேட்டார்:

"இஞ்சேரும், அந்த ரெஸ்ரர் எங்க கிடக்கு?"

கறண்ட் இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கிற அந்தச் சாமானை ஓடிப்போய்த் தேடினேன்.

19.1 சனி

மழைத் தூறல். மாலினிக்குக் கணக்குப் புத்தகம் வாங்க வேண்டும். சவர்க்காரம் முடிந்தது.

ஷவரோடு வந்த கடதாசி முழுக்கப் போர்த்துக்கீச மொழி. மாலினி கடதாசியில் மூக்கு முட்டப் பார்த்துவிட்டு, "அப்பா, படம் மட்டுந்தான் விளங்குது" என்றாள். "படம் காணும், எழுத்துத் தேவையில்லை" என்றார் இவர். கடைசிப் படத்தில் ஒரு பச்சை வயரும், நிலத்துக்குள் போகிற கோடும். அதை நானும் பார்த்தேன். ஏதோ அலங்காரம் என்று நினைத்தேன்.

பூட்டினார். குழாயைத் திறந்தால் தண்ணீர் ஒழுகுகிறது, அவ்வளவுதான். தண்ணீர்த் தாங்கி குளியலறைக் கூரையிலேயே இருப்பதால் வேகம் காணாதாம். வேகம் இல்லாவிட்டால் இது வேலை செய்யாதாம். பத்துத் தரம் கழற்றிப் பூட்டினார். நான் தேத்தண்ணீர் கொண்டுபோனேன், ஆறிப்போய்த் திரும்பி வந்தது.

20.1 ஞாயிறு

தண்ணீர் வேகமாக இறங்கட்டும் என்று ஆறு பேரைப் பிடித்துப் பனங்குற்றி நட்டு அதன் மேல் பீப்பா ஏற்றினார். அவர்களுக்கு மத்தியானச் சமையல் நான். ஒரு மனிதன் சுடுதண்ணீரில் குளிப்பதற்கு ஆறு பேருக்குச் சோறு. இதற்குள் எத்தனை கிடாரம் தண்ணீர் சுடவைத்திருப்பேன்! வாய்விட்டுச் சொல்லவில்லை.

நாலு மணிக்குச் சுவிச்சைப் போட்டார். டப். பியூஸ் போய்விட்டது. பக்கத்து வீட்டு றேடியோவும் ஒரு கணம் முனகி நின்று பிறகு பாடியது.

22.1 செவ்வாய்

மூன்று நாளில் நாலு பியூஸ்.

இராசதுரை அண்ணை வந்தார். ஊரில் வயரிங் வேலைக்கு அவர்தான். மெயின் பலகையைப் பார்த்தார், சுவரைத் தட்டிப் பார்த்தார்.

"தம்பி, உது பழைய வயரிங். எர்த் கம்பியை ஒருக்காத் தோண்டிப் பாத்திட்டுப் பூட்டுவம்."

"அண்ணை, பண்டாரவளையில எத்தினை வீட்டுக்குச் சுடுதண்ணி பூட்டினனான் எண்டு தெரியுமே?"

"அது மலைநாட்டுத் தண்ணி. இஞ்ச உவர். உவர்த் தண்ணிக்குள்ளால கறண்ட் ஓடும்."

"எனக்குப் படிப்பிக்க வேண்டாம்."

அண்ணை செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். தேத்தண்ணீர் அடுப்பில். எனக்கு வெட்கம். வேலிப் படலைவரை பின்னால் போய், "கோவியாதேங்கோ அண்ணை" என்றேன். "கோவமில்லைப் பிள்ளை, பயம்" என்றார்.

23.1 புதன்

பள்ளிக்கூடத்தால் வந்தபோது குளியலறைக்குள் பாட்டு. இவர் பாடுகிறார்! பியூஸ் கம்பியை இரட்டையாக முறுக்கிப் போட்டாராம், இனிப் போகாதாம். தலையில் ஆவி பறக்க வெளியே வந்தார். சவரம் செய்து, வேட்டி மாற்றி, என்னைப் பார்த்துச் சிரித்தார். இழுப்பு இல்லை. மாலினி கை தட்டினாள்.

வேலிக்கு அங்காலிருந்து பூமணி அக்கா வந்து பார்த்தார். அவரின் மகனும் என் தம்பியின் கப்பல்தான். அவனும் அம்மாவின் முழங்கால் நோவுக்கு இதே ஷவரை வாங்கி அனுப்பியிருக்கிறான். "தம்பி, எனக்கும் பூட்டித் தாரும்" என்றார். "ஞாயிற்றுக்கிழமை வாறன் அக்கா" என்றார் இவர், கடைக்காரக் குரலில். அந்தக் குரலைக் கேட்டு எவ்வளவு நாள்!

இரவு மூன்று பேரும் ஒன்றாக இருந்து சாப்பிட்டோம். புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும்.

24.1 வியாழன்

நான் குளித்தேன். நல்ல சூடு, முதுகுக்கு இதம். முடிந்து குழாயைப் பூட்டக் கை வைத்தேன். சுர் என்று முழங்கைவரை இழுத்தது.

ஈரக் கை, பிரமை என்று நினைத்தேன். திரும்பத் தொட்டேன். சுர்.

வெளியே வந்தேன். "எப்பிடி?" என்று கேட்டார். முகத்தைப் பார்த்தேன். "நல்லாயிருக்கு" என்றேன்.

25.1 வெள்ளி

கோயிலுக்குப் போகவில்லை. வாளி ஒன்று உடைந்தது.

இவருக்கு ஏன் அடிக்கவில்லை? யோசித்துப் பார்த்தேன். இவர் இறப்பர்ச் செருப்போடு நின்று குளிக்கிறார். முதலில் குழாயைத் திறந்துவிட்டுத்தான் சுவிச்சைப் போடுகிறார், சுவிச்சை நிற்பாட்டிய பிறகுதான் குழாயைப் பூட்டுகிறார். பழக்கம். நான் வெறுங்கால், மற்றதெல்லாம் எதிர்மாறு.

இன்று நானும் செருப்போடு நின்று, துவாயால் குழாயைப் பிடித்துப் பூட்டினேன். அடிக்கவில்லை. இப்படியே சமாளிக்கலாமோ என்று ஒரு யோசனை. பிறகு என் மேலேயே கோபம். படிப்பித்துக் கொடுக்கிற வாத்தி நான்.

26.1 சனி

மாலினி துவாயும் சவர்க்காரமுமாக நின்றாள். "அம்மா, இண்டைக்கு நான்."

"நீ கிணத்தடியில குளி."

"ஏன்?"

"சொன்னாக் கேள்!" கத்திவிட்டேன். அழுதாள். இவர் வந்தார். "பிள்ளையை ஏன் தடுக்கிறீர்? அவளுக்குத்தானே ஆசை கூட."

"தடிமன் அவளுக்கு, மூக்கடைப்பு" என்று பொய். மாலினி என்னைப் பார்த்தாள். தடிமன் இல்லை என்று அவளுக்குத் தெரியும்.

நாளைக்கு ஞாயிறு. பூமணி அக்கா தனி ஆள். விழுந்தால் தூக்கவும் ஆளில்லாத வீடு.

27.1 ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

எட்டு மணிக்குச் சாமான்களைப் பையில் போட்டுக்கொண்டு இவர் புறப்பட்டார். படலையடியில் மறித்தேன். "போகாதேங்கோ. எனக்குக் கறண்ட் அடிக்குது."

நம்பவில்லை. திரும்பி வந்து, தண்ணீரைத் திறந்து, சுவிச்சைப் போட்டு, ரெஸ்ரரைக் குழாயில் வைத்தார். சிவப்பாக எரிந்தது, குழாயில் கறண்ட். நான் பார்த்தேன். அவரும் பார்த்தார். சுவிச்சை நிற்பாட்டினார்.

"எத்தினை நாளாத் தெரியும்?"

"வியாழக்கிழமை தொடக்கம்."

"ஏன் சொல்லேல்லை?"

"நீங்கள் சிரிச்சனீங்கள். அதுதான்."

கையில் இருந்ததை நிலத்தில் எறிந்தார். "உமக்கு ஏதும் நடந்திருந்தா மாலினிக்கு நான் என்ன சொல்லுறது? அப்பா சிரிக்கோணும் எண்டு அம்மா செத்தவ எண்டோ?"

குனிந்து ரெஸ்ரரைப் பொறுக்கி எடுத்தேன். மத்தியானத்துக்குள் ஷவரைக் கழற்றிவிட்டார். பிறகு மண்வெட்டி எடுத்துச் சுவரோரம் தோண்டினார். எர்த் கம்பி ஒரு முழத்துக்குக் கீழே கறள் பிடித்து அறுந்து கிடந்தது. உப்பு மண் தின்றிருக்கிறது. அந்தத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு கிணற்றுக்கட்டில் இருந்தார்.

பூமணி அக்கா வீட்டுக்குப் போகவில்லை.

28.1 திங்கள்

மறுபடி கிடாரம். புகை. இழுப்பு.

வேலியால் பூமணி அக்கா: "தம்பி வரேல்லை, என்ன பிள்ளை?"

உள்ளேயிருந்து இவர் என்னிடம் மெதுவாக: "கறண்ட் வேகம் காணாது எண்டு சொல்லிவிடும்."

"அவருக்குச் சுகமில்லை அக்கா" என்றேன். அதுவும் பாதிப் பொய்.

"சரி பிள்ளை, ஆறுதலா இருக்கட்டும். வேலணையில ஒரு ஆள் இருக்காம், சனிக்கிழமை வரச்சொல்லுறன்."

சோறு குழைந்தது. கறிக்கு உப்புப் போட மறந்தேன்.

30.1 புதன்

இரண்டு நாளாக இவர் கதைக்கவில்லை. பழையபடி கதிரை. பொறுத்துப் பார்த்தேன், ஏலாது.

"அக்காவுக்கு நீங்கள் சொல்லுங்கோ. சொல்லாட்டி நான் சொல்லுவன்."

"அந்த வீட்டுக் கம்பி நல்லாயும் இருக்கலாம்."

"இல்லாமலும் இருக்கலாம்."

மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார்: "கடை போச்சு. காசு போச்சு. இந்த ஊரில எனக்கு மிச்சமாக் கிடக்கிறது, வேலை தெரிஞ்சவன் எண்ட பேர் மட்டுந்தான். அதையும் வேலிக்கு வேலி போய்ச் சொல்லிக் குடுக்கப் போறீரோ?"

எனக்கு அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது. எது முதலில் என்று தெரியவில்லை. "சனிக்கிழமை காலமை வரைக்கும் பாப்பன்" என்றேன்.

இன்று நல்லதாக ஒன்றும் இல்லை. பேனை மையும் முடிகிறது.

1.2 வெள்ளி

காற்றுக் குறைவு. கடலில் நேவிப் படகு, அதனால் மீன் இல்லை. மரவள்ளி அவித்தேன். இவர் சாப்பிட்டார். மாலினி இரண்டு பேருக்கும் நடுவில் இருந்து, தபால்காரன் மாதிரிச் செய்தி கொண்டு திரிகிறாள். "அப்பா உப்புக் கேட்கிறார்." "அம்மா, கையில எடுக்கச் சொல்லுறா."

2.2 சனி

காலையில் நான் பூமணி அக்கா வீட்டுக்குப் போய்ச் சொல்லத்தான் இருந்தேன். பள்ளிக்கூடத்தில் அவசரக் கூட்டம் என்று ஆள் அனுப்பிவிட்டார்கள். பதினொன்றரைக்குத்தான் விட்டார்கள். வழி முழுக்க ஓட்டமும் நடையும்.

வீட்டுக்கு வரும்போதே அக்கா வீட்டுப் பக்கம் சுவரில் துளை போடுகிற சத்தம். உடுப்பும் மாற்றவில்லை. இவருக்குச் சோறு போட்டுப் பீங்கான் கோப்பையை முன்னால் வைத்தேன். "அந்த ஆள் வந்திட்டுது" என்றேன். "நான் போறன்."

இவர் சோற்றில் கை வைத்தவர், எடுத்தார். கை கழுவவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எனக்கு முன்னால் படலையைத் திறந்து போய்விட்டார். நான் வேலியோடு நின்றுவிட்டேன்.

"பூமணியக்கா, உதை நிப்பாட்டச் சொல்லுங்கோ."

"ஏன் தம்பி? உமக்குச் சுகமில்லையெண்டு..."

"சுகமில்லாமல் இல்லை. நான் பூட்டினதில என்ர மனிசிக்குக் கறண்ட் அடிச்சது. எர்த்தைப் பாக்காமல் பூட்டினனான். பியூஸையும் இரட்டையாப் போட்டனான். இராசதுரை அண்ணை சொன்னவர், நான் கேக்கேல்லை."

துளை போடுகிற சத்தம் நின்றது. வேலணை ஆளின் குரல்: "நீங்கள்தானே அண்ணை பண்டாரவளையில கடை வைச்சிருந்தது?"

"ஓம். பதினாறு வருசம் வைச்சிருந்தனான். எண்டாலும் பிழை விட்டனான்."

காகம் ஒன்று கத்தியது. பிறகு இவர் கேட்டார்: "அக்கா, உங்கட வீட்டு எர்த் எந்த மூலைக்க இறங்குது?"

மண்வெட்டிச் சத்தம். ஒரு ஆள் வெட்ட, மற்றவர் மண் அள்ள. இடையிடையே இவரின் இருமல். இராசதுரை அண்ணையைக் கூட்டிவர யாரோ சைக்கிளில் போனார்கள்.

கோப்பையில் சோறு காய்ந்துவிட்டது. மணி இரண்டரை. இன்னும் வரவில்லை. நான் கூப்பிடப் போகவில்லை.