வாக்களிக்காதவர்களின் பட்டியல்

என் அன்பு ஞானராஜ் மச்சான்,

நீ போய் ஒன்றரை வருஷம் ஆகிவிட்டது. ராஜகீழ்ப்பாக்கம் சிக்னலில் அதே நெரிசல்தான். உன் வீட்டு வாசலில் மறுபடியும் ரோட்டைத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள். உன் மகள் பெனிட்டா சிறுசேரி ஐ.டி. வேலையையும் பார்த்துக்கொண்டு, சனி ஞாயிறுகளில் உட்கார்ந்து, நீ விட்டுப்போன புத்தகத்தை டைப் செய்துவிட்டாள். உன் கையெழுத்தைப் படித்தவள் உலகத்தில் எதையும் படித்துவிடுவாள். போன மாதம் வீட்டுக்கு வந்து, முன்னுரை நான்தான் எழுத வேண்டும் என்றாள். அங்கேதான் மாட்டிக்கொண்டேன்.

உன்னைத் தெரியாதவர்களும் இதைப் படிப்பார்கள். அவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன், பொறுத்துக்கொள். நீ சரித்திர வாத்தியார். தாம்பரத்தை விட்டு நகராமல், நூற்றைம்பது வருஷத்துக்கு முந்தைய ஜார்ஜியா மாநிலச் சட்டசபையைத் தோண்டிக்கொண்டிருந்தவன். அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்து, அடிமைகளாக இருந்த கறுப்பின மக்கள் முதன்முதலாக ஓட்டுப் போட்டுத் தங்கள் ஆட்களை அந்தச் சபைக்கு அனுப்பினார்கள். சில மாதத்திலேயே சபை அவர்களை வெளியே தள்ளியது. ஓட்டுப் போடத்தான் உரிமை, பதவியில் உட்கார உரிமை இல்லை என்று வாதம். எதிர்க்கட்சி அப்படிச் செய்ததில் உனக்கு ஆச்சரியமே இல்லை. அந்த மக்களின் ஓட்டில் ஜெயித்த சொந்தக் கட்சி வெள்ளைக்காரர்கள் என்ன செய்தார்கள் என்பதுதான் உன் புத்தகம்.

அந்தச் சபையின் நடவடிக்கைக் குறிப்புகளை நீ ஜெராக்ஸ் எடுத்து வைத்திருந்தாய். ஞாயிறு ஆராதனை முடிந்து வந்து, நான் பெயர்களை வாசிப்பேன், நீ டிக் அடிப்பாய். ஆதரித்தவர்கள் ஒரு பட்டியல், எதிர்த்தவர்கள் ஒரு பட்டியல். அதற்கப்புறம் வாக்களிக்காதவர்கள். அந்த இடம் வந்தாலே உனக்குக் கோபம் வந்துவிடும்.

"எதிரி யாருன்னு தெரிஞ்சா மல்லுக்கு நிக்கலாம் மச்சான். இவனுங்க எங்க போனாங்க? எல்லாருக்கும் ஒரே நாள்ல வயித்து வலியா?"

நான் சிரிப்பேன். எத்தனை ஞாயிற்றுக்கிழமை சிரித்திருப்பேன்!

பிறகு நம் திருச்சபைத் தேர்தல் வந்தது. இரண்டு அணி, இரண்டு நோட்டீஸ், வீடு வீடாக ஓட்டுக் கேட்பது, ஜெபத்தோடு ஆரம்பித்துச் சண்டையில் முடிகிற கூட்டங்கள். எந்த அணியானாலும் ஆட்கள் பெரும்பாலும் என் சாதிக்காரர்கள். எங்கள் அணிக்குத் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கத்துக் குடும்பங்களின் ஓட்டு தேவைப்பட்டது. அதனால் உன்னைச் செயலாளர் பதவிக்கு நிறுத்தினோம். நீ ஜெயித்தாய், உன்னால் நாங்களும் ஜெயித்தோம். உன் அப்பா எந்தத் தெருவிலிருந்து வந்தவர் என்று அதுவரை யாரும் சத்தமாகப் பேசவில்லை.

மூன்றே வாரத்தில் எதிரணிக்காரர்கள் விதிப் புத்தகத்தோடு வந்தார்கள். வேறு சபையிலிருந்து மாறி வந்தவர்கள் ஓட்டுப் போடலாம் என்று விதி சொல்கிறது, பதவி வகிக்கலாம் என்று சொல்லவில்லையாம். நீ மாறி வந்து அப்போதே இருபது வருஷமாகியிருந்தது. நீ என்னைப் பார்த்தாய். ஜார்ஜியா என்று இரண்டு பேருமே சொல்லிக்கொள்ளவில்லை.

கமிட்டிக் கூட்டத்துக்கு முதல் நாள், மிஷன் பள்ளி நிர்வாகத்தில் இருக்கிற ஒருவர் காய்கறிக் கடையில் என்னை நிறுத்தி, "உங்க மருமக ஷீலா டீச்சர் நல்லா இருக்காங்களா சார்?" என்று கேட்டார். வேறொன்றும் கேட்கவில்லை. அந்தப் பள்ளியில் ஷீலாவின் வேலை நிரந்தரமாக வேண்டிய மாதம் அது. அவர் சாதாரணமாகத்தான் கேட்டாரா? இன்றைக்கும் எனக்குத் தெரியாது. நான் பயந்துவிட்டேன், அது தெரியும்.

மறுநாள் கூட்டத்தில், உன்னை நீக்கும் தீர்மானத்தை ஆதரிப்பவர்கள் கை தூக்கலாம் என்று தலைவர் சொன்னபோது, அடிக்காத போனைக் காதில் வைத்துக்கொண்டு எழுந்து வெளியே போனேன் மச்சான். மண்டபத்துக்கு வெளியே ஸ்கூட்டர்கள் நிற்கிற இடத்தில் நம் அணிக்காரர்கள் நாலு பேர் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தார்கள். ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கவில்லை. யாரோ வெயிலைப் பற்றிப் பேசினார்கள். நான் திரும்பி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. நீ கண்ணாடியைக் கழற்றிக் கூட்டில் வைத்துக்கொண்டிருந்தாய்.

"உள்ள டவர் கிடைக்கல, இல்ல?" என்று கேட்டாய்.

ஆமாம் என்றேன். அந்தப் பொய்யை ஏன் நீயே எடுத்துக் கொடுத்தாய்? என்னைக் காப்பாற்றவா, அல்லது நான் அதை வாங்கிக்கொள்கிறேனா என்று பார்க்கவா? அதற்கப்புறம் நீ கோயிலுக்கு வரவில்லை. ஞாயிறு மதியங்களில் நானும் உன் வீட்டுப் பக்கம் வரவில்லை. ஏழாவது மாதம் உன் நெஞ்சு நின்றுவிட்டது. டாக்டர் சர்க்கரை என்றார். இருக்கலாம்.

அடக்க ஆராதனையில் என்னைப் பேசச் சொன்னார்கள். எல்லோரும் கைவிட்ட நாளிலும் நான் உன் பக்கம் நின்றேன் என்று பேசினேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று கேட்காதே. வாய் தானாகச் சொன்னது, பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே சொன்னது. முதல் வரிசையில் இருந்த பெனிட்டா அதை நம்பினாள்.

அதனால்தான் முன்னுரைக்கு என்னிடம் வந்தாள். அந்தக் கூட்டத்தின் மினிட்ஸை யாரோ போட்டோ எடுத்து அவளுக்கு அனுப்பியிருந்தார்கள். "ஏகமனதாக நிறைவேறியதுன்னு எழுதியிருக்காங்க அங்கிள். நீங்க எதிர்த்துக் கை தூக்கினதையே மறைச்சிட்டாங்க. அதையும் முன்னுரையில எழுதுங்க" என்றாள். எழுதுகிறேன் என்று சொல்லி அனுப்பிவிட்டு நாலு வாரம் ஒரு வரி எழுதவில்லை.

போன சனிக்கிழமை காலையில் உன் வீட்டுக்குப் போய் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். போன், ஸ்கூட்டர்கள், காய்கறிக் கடை, அடக்கத்தில் பேசிய பொய், ஒன்றையும் விடவில்லை. அவள் அழுவாள் என்று நினைத்தேன். திட்டுவாள் என்று நினைத்தேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எனக்குக் காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, லேப்டாப்பைத் திறந்தாள்.

"அப்பா கடைசி அத்தியாயம் எழுதல அங்கிள். இங்க நடந்ததை எழுதணும்னு தலைப்பு மட்டும் போட்டு வெச்சிருந்தார். வெளிய நின்னவங்க பேரைச் சொல்லுங்க. உங்க பேர்லேருந்து ஆரம்பிங்க, இனிஷியலோட."

ஐந்து பேரையும் சொன்னேன். அவள் ஒவ்வொரு பெயரையும் எனக்குத் திரும்ப வாசித்துக் காட்டி, சரியா என்று கேட்டாள். நான் சரி என்றேன்.

விஷயம் தெரிந்ததிலிருந்து வீட்டில் யாரும் என்னோடு பேசுவதில்லை. ஷீலா மட்டும் சாப்பாடு எடுத்து வைக்கிறாள். மற்ற நாலு பேரில் ஒருவர் போனில் என்னைத் துரோகி என்றார். அந்த வார்த்தை எனக்குப் பொருந்துகிறது, ஆனால் அவர் நினைக்கிற காரணத்துக்காக இல்லை. முன்னுரை எழுதும் தகுதி எனக்கு இல்லை, அதை பெனிட்டாவே எழுதட்டும். இந்தக் கடிதத்தை மட்டும் அவளிடம் கொடுத்துவிடுகிறேன், வேண்டுமானால் புத்தகத்தில் சேர்த்துக்கொள்ளட்டும். வருடாந்தரப் பொதுக்கூட்டத்தில் அந்த மினிட்ஸைத் திருத்தச் சொல்லி எழுந்து நிற்பேன். உட்கார் என்று கத்துவார்கள். உன் பெயர் மேல் சத்தியமாக உட்கார மாட்டேன்.

மச்சான் என்று கடைசி நாள் வரை நீ கூப்பிட்ட,
பொ. ஐசக்