நம் வாசலுக்கு வரும் இரண்டு வேன்கள்

இன்று காலை காவியாவின் நீலக் கட்டம் போட்ட சட்டையில் இஸ்திரிப் பெட்டியை வைத்ததும் சோப்பு வாசனை எழுந்தது. நீ வாங்கி வைத்த சோப்பு இன்னும் தீரவில்லை. அடுத்து கதிரின் அரக்கு நிறச் சட்டை. ஒரே வீட்டில் இரண்டு சீருடை, எல்லாம் உன் வேலை என்று திட்டிக்கொண்டே தேய்த்தேன். பதிலுக்குத் திட்டவாவது நீ இருந்திருக்கலாம்.

கதிரைப் பள்ளியில் சேர்க்க வேண்டிய வருஷம், நம் மகள் காவியா சின்னமனூரில் பெரிய பள்ளியில் மேடை ஏறி வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தாள். தம்பிக்கும் அதே பள்ளி, அதே வேன் என்று சொந்தபந்தம் முடிவே செய்துவிட்டது. கதிரோ வீட்டில்கூடச் சேர்ந்தாற்போல் நாலு வார்த்தை பேசமாட்டான். "பெரிய பள்ளிக்கூடத்துல போட்டா தன்னால பேசிருவான்" என்றார் என் அண்ணன். நீ என்னிடம் மட்டும் சொன்னாய்: "அங்கன போட்டா இருக்கிற பேச்சும் போயிரும்."

திராட்சை வியாபாரி கொத்தில் கடைசியாகப் பழுக்கும் நுனிப் பழத்தைத்தான் பிய்த்து வாயில் போட்டுப் பார்ப்பான். திராட்சை விளையும் ஓடைப்பட்டியில் பிறந்தவள் நீ, பள்ளிக்கூடத்தையும் அப்படித்தான் பார்த்தாய். "உள்ள போனா எல்லாரும் நல்லாத்தான் சிரிப்பாக. விடுற நேரத்துல போயி, கடைசியா வர்ற பிள்ளையப் பாக்கணும்" என்பாய். மாசி வெயிலில் ஒவ்வொரு பள்ளி வாசலாக நீ நிற்க, நான் பைக்கில் உட்கார்ந்து முணுமுணுப்பேன்.

ஒரு பள்ளியில் கடைசிப் பிள்ளையை ஆயா தரதரவென்று இழுத்து வந்தார். உத்தமபாளையம் பக்கத்தில், தகரக் கூரை போட்ட சின்னப் பள்ளியில், கடைசியாக வந்த சிறுமி திக்கித் திக்கி ஏதோ சொல்ல, டீச்சர் குனிந்து முழுக்கக் கேட்டார். வேன்காரர் ஹாரன் அடித்தும் அவர் நிமிரவில்லை. "இங்கனதான்" என்றாய்.

அண்ணன் கொதித்துப்போனார். "பொம்பளப் பிள்ளைக்குப் பெரிய பள்ளிக்கூடம், ஆம்பளப் பிள்ளைக்குத் தகரக் கொட்டகையா?"

"அவளுக்கு மேடை வேணும் அத்தான். இவனுக்குக் கேக்க ஆளு வேணும்."

அன்று உன்னைப் பார்க்க எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது. ஐப்பசியில் ஒருநாள் நனைந்தபடி வேனிலிருந்து இறங்கிய கதிர், வகுப்புக்குள் தவளை வந்த கதையை ஒரு மூச்சில் சொன்னான். நீ அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்து கேட்டாய். தாளிப்பு கருகியிருந்தது, யாரும் கண்டுகொள்ளவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து நீ திரும்பி வராத அன்று, "ரெண்டு பேரையும் ஒண்ணா உக்கார வச்சுச் சொல்லிருய்யா" என்றார்கள் சொந்தக்காரர்கள். நான் கேட்கவில்லை. காவியாவை மடியில் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். ஏன், எப்படி என்று கேட்டுக் கேட்டு என் நெஞ்சில் அடித்து அழுதாள். கதிரைத் தோட்டத்துத் தண்ணீர்த் தொட்டிக்குக் கூட்டிப்போய்ப் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தேன். வெகுநேரம் கழித்து அவனே கேட்டான்.

"அம்மா இனி வராதாப்பா?"

"வராதுய்யா" என்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டு பேச ஆரம்பித்தான். இருட்டும்வரை உன்னைப் பற்றியே பேசினான்.