கருகமணியில் ஒரு பவளம்

ஜூன் 8, 2024, சனி

பேய் நாவலை முடித்துவிட்டேன். முந்நூறு பக்கத்தில் ஒரு தடவைகூடப் பயம் வரவில்லை. கதவு தானாகத் திறக்கிறதாம்! சாரல் தொடங்கியதிலிருந்து எங்கள் வீட்டுக் கதவு ஊறிப்போய் மூடவே மாட்டேன் என்கிறது. அதற்கு எவன் நாவல் எழுதுவான்?

ஜூன் 11, செவ்வாய்

உண்மைக் கொலை வழக்குகள். கொன்றவனுக்கு நாற்பது பக்கம் – அவன் பள்ளிக்கூடம், அவன் காதல், அவன் தூக்கம். செத்தவளுக்கு இரண்டு வரி – உயரம், சேலை நிறம். எரிச்சலில் பாதியிலேயே மூடிவிட்டேன். ஆனாலும் அவன் பிடிபட்டானா என்று கடைசிப் பக்கத்தைப் பார்த்துவிட்டுத்தான் வைத்தேன். நானும் அதே ரகம்தான்.

ஜூன் 14, வெள்ளி

நூலகத்தில் புதிதாக ஒன்று. இசக்கிமணி என்ற ஓய்வுபெற்ற எஸ்.ஐ. சொந்தச் செலவில் போட்ட வாழ்க்கை நினைவுகள். பூர்விகம் ராயகிரி, இப்போது ஆய்க்குடியில் வீடு. வரிக்கு வரி ‘நான்’. சிரித்துக்கொண்டேதான் படித்தேன், ஒன்பதாம் அத்தியாயம் வரை.

1997 ஆகஸ்ட் 20, புதன். பழைய குற்றாலத்துக்குக் கீழே ஓடையில் ஒரு பெண் பிணம். இருபத்திரண்டு வயதிருக்கலாம். “கழுத்தில் தாலி இல்லை. கண்ணூறுக்குக் கட்டிய கறுப்புப் பாசி மட்டும். ஊடே பொன்மணிகள், நடுவில் ஒரு பவளம். மணமாகாதவள், வழுக்கி விழுந்திருக்கிறாள் என முடிவு செய்தோம்.” யாரும் தேடி வராததால் புதைத்துவிட்டார்கள்.

அதுவா கண்ணூறுப் பாசி? கருகமணி! எங்கள் பெண்களுக்குத் தாலியே அதுதான். மஞ்சள் கயிற்றைத் தேடியவருக்கு அது பாசியாகப் பட்டிருக்கிறது.

உம்மாவின் தங்கை மைமூன் சாச்சி எவனோடோ கேரளாவுக்கு ஓடிப்போனது அதே வருஷம், அதே மாதம்.

ஜூன் 15, சனி

இருக்காது. சாச்சி கருகமணியைக் கழற்றிக் கட்டிலில் வைத்துவிட்டுப் போனாள். அவள் புருஷன் நாசர் சாச்சா அதை ஜமாத்தில் எடுத்தே காட்டினார். எங்கள் தெருவுக்கே தெரிந்த கதை. அப்படியானால் ஓடையில் கிடந்தவள் வேறு யாரோ. அப்பாடா.

ஜூன் 17, பக்ரீத்

மத்தியானம் நாசர் சாச்சா கறி கொண்டு வந்தார். வேறு கல்யாணம் பண்ணிக்கொண்ட பிறகும் வருஷம் தவறாமல் வருவார். ஓடிப்போனவள் வீட்டையும் விட்டுக்கொடுக்காத மனுஷர் என்று தெருவில் நல்ல பெயர். உம்மா உள்ளே தொழுதுகொண்டிருந்தாள்.

மேசையில் கவிழ்த்து வைத்திருந்த புத்தகத்தை எடுத்தார். “என்ன சஃப்ரின், போலீஸ்காரன் கதையெல்லாம் படிக்குத?” என்று சிரித்தார். விரிந்திருந்த பக்கத்தைப் பார்த்தார். நின்றபடியே படித்தார். நான் டீ போட்டுக்கொண்டு வரும்வரை படித்தார். அந்த அத்தியாயமே ஒன்றரைப் பக்கம்தான்.

பிறகு அதே பக்கத்தில் கவிழ்த்து, இருந்த இடத்திலேயே வைத்தார். “கறிய வெளிய வச்சிராத, கெட்டுரும்.” டீயைத் தொடாமல் போய்விட்டார்.

முகத்தில் ஒன்றும் இல்லை – ஒன்றுமே இல்லை. பொண்டாட்டி காணாமல் போன மாதத்தில் ஒரு பிணம். ஒன்றும் தெரியாத ஆள் என்றால் ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டாரா? கறியத் தொடவே முடியல.

ஜூன் 18, செவ்வாய்

பின்னட்டையில் இருந்த நம்பருக்குப் பேசினேன். “சார், அது கருகமணி. கல்யாணமான பொண்ணு” என்றேன்.

“எங்க ஊர்ல தாலின்னா மஞ்சக்கயிறுதான்மா. நான் அந்த ஸ்டேஷனுக்கு மாத்தலாகி வந்த புதுசு. நாலு நாள் வச்சிருந்தோம். காணோம்னு ஒருத்தரும் எழுதிக் குடுக்கலையே.”

எப்படிக் கொடுப்பார்கள்? ஓடிப்போனவளை யார் தேடுவார்கள்?

ஜூன் 20, வியாழன்

உம்மாவுக்கு வாசித்துக் காட்டிவிட்டேன். பவளம் என்ற இடத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அது நான் கோத்ததுட்டி. பொன்மணி ஒண்ணு கொறஞ்சுது. பவளம் வச்சுக் கோத்தேன்.”

“அப்போ ஜமாத்துல காட்டுனது?”

“அத நான் எங்கன பாத்தேன்? ஆம்பளையதான பாத்தாவ. மவுத்தாப்போன உங்க வாப்பாவுக்கு ஒரு கருகமணிக்கும் இன்னொண்ணுக்கும் வித்தியாசம் தெரியுமா?”

எதையோ வாங்கி வந்து காட்டியிருக்கிறார். அதை ஒரே ஒரு பெண்ணிடம் காட்டியிருந்தால் அன்றைக்கே வெளியே வந்திருக்கும். இருபத்தேழு வருஷம்!

ஜூன் 22, சனி

இரண்டு நாளாக உம்மா சரியாகச் சாப்பிடவில்லை. தங்கச்சியை நினைத்து என்றுதான் எண்ணினேன். இன்று காலையில் கேட்டாள்: “ஓடிட்டான்னு நாசர் வந்து சொன்ன அன்னைக்கு, ரோட்டுல நாதியத்துச் சாவட்டும்னு துஆ கேட்டேன்ட்டி. நான் கேட்டதுக்கு அப்புறமா செத்தா? தேதியப் பாரு.”

பார்த்தேன். பிணம் கிடைத்தது புதன்கிழமை.

“அவரு என்னைக்கு வந்து சொன்னாரு?”

“வெள்ளிக்கிழமை, இருவத்திரெண்டாந் தேதி. எனக்கு மறக்குமா? நேத்து ராத்திரிகூட சோறு போட்டா, விடிஞ்சா ஆளக் காணலன்னு அழுதான். ஜும்ஆ முடிஞ்சுதான் ஜமாத் கூடுச்சு.”

“நீ கேக்கதுக்கு முன்னாலயே செத்துட்டா உம்மா. ரெண்டு நாளைக்கு முன்னாலயே.”

உம்மா அழுதாள். இத்தனை வருஷத்தில் அவள் இப்படி அழுது நான் பார்த்ததில்லை. சட்டென்று நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

“புதன்கிழமை செத்தவ, வியாழக்கிழமை ராத்திரி எப்படிட்டி சோறு போட்டா?”

நான் பதில் சொல்வதற்குள் புர்காவை எடுத்து மாட்டிக்கொண்டாள். இசக்கிமணி சாருக்குப் போன் செய்து ஸ்டேஷனுக்கு வரச் சொன்னேன். அவர் எங்களுக்கு முன்பே வந்து நின்றிருந்தார். மனுவை நான் எழுதினேன். உறவு என்று கேட்ட இடத்தில் மட்டும் உம்மா பேனாவை வாங்கி, அக்கா என்று தன் கையால் எழுதினாள்.