ஏரிப்பக்கம் திரும்பிய புல்டோசர்

கேளம்பாக்கம்,
10.1.2025

அன்புள்ள பென்னி மாமாவுக்கு,

ஜாஸ்மின் எழுதுகிறேன். எல்லாரும் சுகம்தானே? போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். போனில் நான் ஆரம்பித்தால் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுகிறீர்கள். கடிதமென்றால் கடைசிவரை படித்துத்தான் ஆக வேண்டும்.

பழைய இரும்பு எடுக்கிற சேட்டு உங்கள் யார்டுக்கு வந்து புல்டோசரைப் பார்த்துவிட்டுப் போனாராம். பொங்கல் கழித்து வெட்டப்போகிறாராம். வெட்ட விடாதீர்கள் மாமா. அதைச் சரிசெய்து ஓட்டிப் பாருங்கள்.

உங்கள் தம்பியைத் தண்ணீருக்குள் கொண்டுபோன வண்டியை நானே ஓட்டச் சொல்கிறேனே என்று இருக்கும். அன்றைக்கு ஏரிக்கரையில் நடந்ததைச் சொல்ல அது ஒன்றுதான் மிச்சம் இருக்கிறது. காலையில் எனக்கும் ஜெரோமுக்கும் புருஷன் பெண்டாட்டிச் சண்டை. "இனிமே இந்த வூட்டுக்கு வராத" என்று நான் கத்தியது அத்தைக்கும் கேட்டது. மத்தியானம் கரை வேலையில் இருந்தவர் வண்டியோடு ஏரிக்குள் போய்விட்டார். அவரே திருப்பி இறக்கினார் என்று ஏரிக் காவலாளி வேதாசலம் போலீசில் சொன்னார். கல்லறைத் தோட்டத்தில் எல்லார் முன்னாலும் அத்தை என்னைப் பார்த்து, "நீ வராதன்ன, எம்புள்ள வர்ல. இப்ப நிம்மதியா?" என்று கேட்டார். மூன்று வருஷமாக அந்தக் கேள்வியோடுதான் படுத்து எழுந்திருக்கிறேன்.

பிரேக் போயிருக்கலாம். லீவர் உடைந்திருக்கலாம். வண்டி கெட்டுப்போனதா, அவரே இறங்கினாரா என்று எனக்குத் தெரிய வேண்டும்.

அத்தைக்கு சர்க்கரை எப்படி இருக்கிறது? நான் கேட்டதாகச் சொல்ல வேண்டாம்.

அன்புடன்,
ஜாஸ்மின்


பெருங்களத்தூர்,
16.2.2025

அன்பு ஜாஸ்மினுக்கு,

கடைசிவரை படித்தேன், போதுமா? சேட்டுவைத் திருப்பி அனுப்பிவிட்டேன். "ஆளைத் தின்ன வண்டிய இன்னாத்துக்கு பென்னி வெச்சினுகீற?" என்று கோபித்துக்கொண்டு போனான்.

நீ ஏதோ மிக்சியை ரிப்பேர் செய்யச் சொல்வதுபோல் சொல்லிவிட்டாய். தார்ப்பாயை எடுத்தால் சீட்டுக்கு அடியில் கீரி குட்டி போட்டு வைத்திருக்கிறது. என்ஜினுக்குள் இன்னும் ஏரிச் சேறு. பிஸ்டன் எல்லாம் துருப்பிடித்து இறுகிவிட்டது. தினமும் டீசல் ஊற்றி ஊறவிடுகிறோம். நானும் மெக்கானிக் ஷ்யாம்சுந்தரும் நீளக் குழாயை மாட்டித் தொங்கிப் பார்க்கிறோம், அசைய மாட்டேன் என்கிறது. பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் தேடி ஆயில் மீட்டர் ஒன்று வாங்கினேன். அதில்கூட முள் இல்லை.

அம்மாவுக்குத் தெரியாது. யாரோ விலைக்குக் கேட்டிருக்கிறார்கள் என்று சொல்லி வைத்திருக்கிறேன். மாத்திரையை ஒளித்துவிட்டு மைசூர்பாகு தின்கிறார், அவ்வளவுதான் விசேஷம்.

எனக்கும் தெரிய வேண்டும் ஜாஸ்மின். கேட்கத்தான் பயமாக இருந்தது.

இப்படிக்கு,
பென்னி


கேளம்பாக்கம்,
9.3.2025

அன்புள்ள மாமாவுக்கு,

குழாயில் தொங்குகிற வயசா உங்களுக்கு? இடுப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இங்கே ஹாஸ்டலில் வார்டன் வேலை வழக்கம்போலத்தான். ஐ.டி. கம்பெனிப் பெண்கள் நடுராத்திரி ஷிப்ட் முடிந்து வந்து காலையில் இட்லி ஆறிப்போச்சு என்று என்னிடம் சண்டை போடுகிறார்கள். சண்டை போட ஆள் இருப்பதும் ஒருவகையில் நல்லதுதான்.

முதலில் பிரேக்கைத் திறந்து பாருங்கள் மாமா. எனக்கு அதன்மேல்தான் சந்தேகம்.

ஜாஸ்மின்


பெருங்களத்தூர்,
25.5.2025

அன்பு ஜாஸ்மினுக்கு,

என்ஜின் பிடித்துவிட்டது. கரும்புகை அடங்கிப் பிறகு வெள்ளையாக வந்து, மெதுவாக நிதானத்துக்கு வந்தது. ஷ்யாம்சுந்தர் தேங்காய் உடைத்தான்.

நீ கேட்டதை மறைக்காமல் எழுதுகிறேன். பிரேக் பட்டைகள் நன்றாக இருந்தன. அறுந்தது, உடைந்தது என்று எதுவுமே இல்லை. இதற்கு ஸ்டியரிங் கிடையாது, கைக்கு ஒன்றாக இரண்டு லீவர்கள். எந்தப் பக்கத்து லீவரை இழுக்கிறோமோ அந்தப் பக்கம் திரும்பும். துருவைத் துடைத்து மாட்டி யார்டுக்குள் ஓட்டிப் பார்த்தேன். இரண்டு பக்கமும் சொன்னபடி கேட்கிறது. கெட்டதெல்லாம் தண்ணீரில் கிடந்து கெட்டதுதான்.

உன்னிடம் இதைச் சொல்ல எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. ஏதாவது ஒன்று உடைந்திருக்கக் கூடாதா என்று ஒவ்வொரு நட்டாகக் கழற்றினேன்.

பென்னி


கேளம்பாக்கம்,
1.6.2025

மாமாவுக்கு,

அப்படியென்றால் அத்தை சொன்னதுதான் சரி. வண்டி நல்லபடியாக இருந்திருக்கிறது. அவர்தான் எனக்குப் பதில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். ஒரு வாய்ச்சண்டைக்கு இப்படிப் பதில் சொல்லும் மனுஷனோடு எத்தனை வருஷம் குடித்தனம் நடத்தினேன் என்று நினைத்தால் ஆத்திரமாக வருகிறது.

உங்கள் உழைப்புக்கு நன்றி. சேட்டுவிடமே கொடுத்துவிடுங்கள். இனிமேல் இதைப்பற்றி எழுத வேண்டாம்.

ஜாஸ்மின்


பெருங்களத்தூர்,
13.7.2025

அன்பு ஜாஸ்மினுக்கு,

எழுதாதே என்றாய். இதை மட்டும் படித்துவிடு.

நீ சொன்னபடி சேட்டுவை வரச் சொன்னேன். தெருவில் லாரி நின்றது. யார்டு மேட்டில் இருப்பது உனக்குத் தெரியும். நானே புல்டோசரை ஓட்டிக்கொண்டு சரிவில் இறக்கினேன். இடது பக்கம் காம்பவுண்டுச் சுவர். நெருங்குகிறதே என்று விலகுவதற்காக வலது லீவரை இழுத்தேன். வண்டி இடது பக்கம் போனது. இன்னும் பலமாக இழுத்தேன், இன்னும் இடது பக்கமே போனது. சுவரை இடித்துக்கொண்டு போய் நின்றது. "இன்னா பென்னி, நீ இந்தாண்ட இஸ்தா அது அந்தாண்ட போவுது?" என்று சேட்டு அலறினான்.

இறங்கியதும் பழைய டிரைவர் சத்யநாராயணனுக்குப் போன் போட்டேன். அன்றைக்கு அவர் காய்ச்சலென்று வராததால்தான் ஜெரோம் ஏறினான். அவர் சாதாரணமாகச் சொல்கிறார்: "எறக்கத்துல அப்டிதான் சார். லீவரை மட்டும் இஸ்தா அந்தப் பக்கத்து செயின் சக்கரத்துக்கு என்ஜின் பிடிப்பு வுட்டுப்பூட்டு வேகமா உருளும். வண்டி ஆப்போசிட்டா திரும்பும். கூடவே அந்தப் பக்கத்து பிரேக்கையும் மெதிக்கணும். டோசர் ஓட்றவனுக்கு இது தெரியும்." ஜெரோம் டோசர் ஓட்டுகிறவன் இல்லை, ஜே.சி.பி.காரன். அதில் ஸ்டியரிங் இருக்கிறது. அவனுக்கு எப்படித் தெரியும்?

மறுநாளே வேதாசலத்தைத் தேடிப் போனேன். கரைச் சரிவில் இறங்கும்போது ஏரி ஜெரோமுக்கு இடது பக்கம். எந்த லீவரை இழுத்தான் என்று மட்டும் கேட்டேன். "சோத்தாங்கைப் பக்கம் சார். ரெண்டு கையாலயும் புடிச்சி, எய்ந்து நின்னு இஸ்துகினு இருந்தாரு. அதான் வண்டி தண்ணிக்குத் திரும்பிச்சு" என்றார். போலீசில் யாரும் எந்தக் கை என்று கேட்கவில்லையாம்.

அவன் கரைப்பக்கம் வரத்தான் இழுத்திருக்கிறான் ஜாஸ்மின். இழுக்க இழுக்க அது ஏரிக்குள் போயிருக்கிறது.

அம்மாவிடம் சொன்னேன். சாப்பிடாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். சாயங்காலம் எழுந்து, "அவள வரச் சொல்லு" என்றார். நவம்பரில் கல்லறைத் திருநாளுக்கு வா. எல்லாரும் சேர்ந்து போகலாம். சேட்டு வண்டி வேண்டாமென்று ஓடிவிட்டான். மதுராந்தகத்துக்காரர் ஒருவர் ஓட்டுவதற்கே கேட்கிறார். என்ன செய்யலாம், நீ சொல்.

பென்னி


கேளம்பாக்கம்,
3.8.2025

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தை ஹாஸ்டல் கேட்டில் நின்றே படித்தேன். பிறகு படியில் உட்கார்ந்துவிட்டேன். ஒரு பெண் தண்ணீர் கொண்டுவந்து, "யாராவது தவறிட்டாங்களா ஆன்ட்டி?" என்று கேட்டாள். ஆமாம், என் வீட்டுக்காரர் என்றேன். மூன்று வருஷம் ஆகிவிட்டது என்று சொல்ல வாய் வரவில்லை.

இத்தனை நாளும் அவர்மேல் கோபம் இருந்தது. அந்தக் கோபத்தில் எழுந்து, சமையல் பார்த்து, பெண்களை விரட்டி நாளைத் தள்ளிவிட்டேன். இப்போது அது இல்லை. எழுந்து நின்று இரண்டு கையாலும் இழுத்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். கண்ணை மூடினால் அதுதான் வருகிறது. தெரிய வேண்டும் என்று கேட்டது நான்தான், உங்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் தாங்க முடியவில்லை மாமா.

நவம்பரில் நான் தனியாகப் போய் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்துவிடுகிறேன். அத்தையோடு வரமாட்டேன். அவர்மேல் வருத்தம்கூட இப்போது இல்லை, பெற்ற வயிறு, ஏதோ பேசிவிட்டார். அன்றைக்கு அவர் அப்படிக் கேட்டபோது நீங்கள் என் பக்கத்தில்தான் நின்றீர்கள். "என் தம்பி அப்படிப்பட்டவன் இல்லை" என்று ஒரு வார்த்தை உங்கள் வாயிலிருந்து வரவில்லை. ஜெரோமை என்னைவிட அதிக வருஷம் தெரிந்தவர் நீங்கள். ஆறு மாதம் துரு தேய்த்தீர்கள், சுவரை இடித்தீர்கள், அதன் பிறகுதான் உங்களுக்கே நம்பிக்கை வந்தது. உங்களை எனக்குப் பிடிக்கும். ஆனாலும் அந்த வீட்டுக்கு இனி என்னால் வர முடியாது.

வண்டியை மதுராந்தகத்துக்காரருக்கே கொடுங்கள். அதை எவன் ஓட்டப்போகிறானோ அவனை நேரில் உட்கார வைத்து இறக்கத்தில் எப்படித் திரும்பும் என்று காட்டுங்கள். அவனுக்குக் கல்யாணம் ஆகியிருந்தால், அவன் பெண்டாட்டியிடமும் அதைச் சொல்லிவிடுங்கள்.

ஜாஸ்மின்