நூல் மேல் போட்ட பழி

அடியே டாக்டரம்மா,

உதட்டுக்குள்ளே துளி சதை எடுத்தாங்களே, அந்த ரிசல்ட் வந்துடுச்சு. நீ சொன்னதேதான். உடம்பைக் காக்க வேண்டிய அணுக்களே எச்சில் சுரப்பிகளை எதிரின்னு நினைச்சுத் தாக்குதாம். அழற்சி தணியாம, சுரக்கிற இடமெல்லாம் கொஞ்சம் கொஞ்சமா தழும்பாகுதாம். மிச்சத்தைக் காப்பாத்த மருந்து கொடுத்திருக்காங்க. போனதைப் பத்தி நான் கேக்கலை.

"யாரும்மா இதை முதல்ல கவனிச்சது?"ன்னு பெரிய டாக்டர் கேட்டார். "என் பொண்ணு. லீவுக்கு வந்தவ, ஊசியில கோக்கிறதுக்கு நான் நூல் நுனியைத் தம்ளர் தண்ணியில நனைக்கிறதைப் பார்த்தே சந்தேகப்பட்டா"ன்னேன். வெளியே காத்திருந்தவங்களுக்கும் கேக்கட்டும்னு சத்தமாவே சொன்னேன். நடுவுல வாய் காஞ்சு ரெண்டு தடவை தண்ணி குடிச்சேன், ஆனா பேச்சை நிறுத்தலை.

ஒரு வருஷமா, நாக்கில வச்சா நனையலையேன்னு நான் நூலைத்தான் திட்டினேன். நூல் வாங்குற கடையை மூணு தடவை மாத்தினேன்.

படிச்சது போதும், நம்ம தையல் கடையில வந்து உட்காருன்னு உன்னோட மல்லுக்கு நின்னேனே, ஞாபகமிருக்கா? அன்னைக்கு நீ என் பேச்சைக் கேட்டிருந்தா, இன்னைக்கு ரெண்டு பேருமா சேர்ந்து நூலைத் திட்டிக்கிட்டிருப்போம்.

இப்படிக்கு,
உன்கிட்ட தோத்துப்போன அம்மா