பதில் சொல்வதற்குள் பூட்டிக்கொள்ளும் கணினி

அனுப்புநர்:
மெய்ப்புத் திருத்துநரின் மனைவி,
மாடி வீடு, அச்சகப் பணியாளர் குடியிருப்பு.

பெறுநர்:
பணியாளர் நல அலுவலர்,
அச்சக நிர்வாக அலுவலகம்.

பொருள்: என் கணவர் பேசப் பயன்படுத்தும் சொந்தக் கணினியின் பூட்டை மாற்றவும், 'பதில் இல்லை' என்ற விசாரணைக் குறிப்பை நீக்கவும் வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. தங்கள் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தும் என் கணவருக்குப் பக்கவாதத்தில் பேச்சும் வலக்கையும் போயின. கண்ணும் அறிவும் முன்போலவே இருப்பதால் வீட்டிலிருந்து வேலை பார்க்கிறார். இடக்கையால் தட்டினால் கணினி அதை வாசித்துச் சொல்லும். காப்பி ஆறிவிட்டது என்பதைக்கூட அதன் வழியாகத்தான் சொல்வார்.

2. அதற்கு நாங்கள் கடவுச்சொல் வைக்கவில்லை. அவர் தூங்கும்போது என் கொழுந்தனார் அதில் உட்கார்ந்து, அண்ணன் பெயரில் விருப்ப ஓய்வு கேட்டுத் தங்களுக்கு மின்னஞ்சல் அனுப்பிவிட்டார். கேட்டதற்கு, "அண்ணன் கஷ்டப்படுறதப் பாக்க முடியல அண்ணி" என்றார். என் கணவர் தட்டிய பதிலைக் கணினி வாசித்தது: "அப்ப கண்ண மூடிக்கடா."

3. பிறகு நான் பூட்டு வைக்கக் கேட்டதன்பேரில் தங்கள் கணினிப் பிரிவு ஊழியர் வந்தார். "கதவத் தொறந்து போட்டுட்டு, பூனை வந்துருச்சுன்னா எப்படிம்மா?" என்றார். நியாயம்தான். ஆனால் அவர் வைத்த கடவுச்சொல்லுக்கு இரண்டு விசைகளைச் சேர்த்து அழுத்த வேண்டும். என் கணவரின் ஒற்றைக் கைக்கு அது முடிவதில்லை. சற்று நேரம் விசை தொடாவிட்டால் திரை தானே பூட்டிக்கொள்கிறது. ஒரு சொல்லை யோசித்தால் போதும், பேச்சு நின்றுவிடும். நான் அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்து திறக்க வேண்டும்.

4. சென்ற வாரம் விசாரணை அலுவலர் வந்து, என்னை வெளியறையில் இருக்கச் சொன்னார். "இந்த மடல நீங்கதான் அனுப்புனீங்களா?" என்று அவர் கேட்டது என் காதில் விழுந்தது. தம்பியைக் காட்டிக்கொடுக்காமல் உண்மையைச் சொல்ல என் கணவர் வழி தேடியிருக்கிறார். அதற்குள் திரை பூட்டிக்கொண்டது. அலுவலர் 'பதில் இல்லை' என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். அதையே சம்மதமாகக் கொண்டு வரும் புதன்கிழமை ஓய்வு உத்தரவு பிறப்பிக்கப்படும் என்று அறிகிறோம்.

5. கணினிக்குப் பூட்டே வேண்டாம் என்று நான் கேட்கவில்லை. மின்னஞ்சலுக்கு மட்டும் ஒரு கையால் தட்டக்கூடிய எண் பூட்டு போட்டுத் தாருங்கள். அந்த எண் அவரிடமே இருக்கட்டும், எனக்கும் தெரிய வேண்டாம். பேசும் செயலி எப்போதும் திறந்திருக்க வேண்டும். உத்தரவை நிறுத்திவைத்து, அவரை மீண்டும் விசாரிக்க வேண்டுகிறேன். அவர் யோசிக்கும் நேரத்தைச் சம்மதம் என்று எழுதிவிட வேண்டாம்.

இடம்: பணியாளர் குடியிருப்பு
நாள்: மார்ச் 9

இப்படிக்கு,
(கையொப்பம்)
மனைவி

மேலே எழுதியிருப்பது உண்மை. அந்த மடலை அனுப்பியவன் நான். அண்ணன் இன்னும் என் பெயரைச் சொல்லவில்லை.
(கையொப்பம்)
தம்பி