குளியலறை இருமல்

மார்ச் 3

மனைவிக்கு முட்டி வீங்கிவிட்டது. இனி குளியலறை கழுவுவது என் வேலை என்று மகள் போனில் உத்தரவு போட்டுவிட்டாள். முப்பது வருஷம் பஸ்ஸில் டிக்கெட் பரிசோதித்தவனுக்கு இதெல்லாம் ஒரு வேலையா!

மார்ச் 10

செத்துப் பிழைத்தேன். "ப்ளீச் ஒரு மூடி, ஆசிட் ஒரு மூடி, ரெண்டையும் ஊத்தித் தேய்ங்க" என்றாள் மனைவி. ஒரு மூடி எந்த மூலைக்கு? இரண்டிலும் கால் பாட்டில் ஊற்றினேன். நெடி ஹாலுக்கு வரக் கூடாதென்று கதவையும் சாத்திக்கொண்டேன். இரண்டே நிமிஷம்! கண் எரிகிறது, மூச்சு அடைக்கிறது. தவழ்ந்துதான் வெளியே வந்தேன்.

மார்ச் 11

பாட்டிலின் முன்பக்கம் ஒரு குடும்பமே பல்லைக் காட்டிச் சிரிக்கிறது. பின்பக்கம், பூதக்கண்ணாடி வைத்தால் தெரிகிற எழுத்தில்: 'பிறவற்றுடன் கலக்காதீர். நச்சு வாயு உண்டாகும்.' இதை முன்னால் போட்டால் என்ன கேடு? அயோக்கியர்கள்!

கடைக்காரரிடம் போய்ச் சண்டை போட்டேன். "எல்லாரும் ரெண்டையும் சேர்த்துத்தான் சார் வாங்கறாங்க" என்றார். "அதுக்காக எல்லாரும் சேர்ந்து சாகணுமாய்யா?" என்று கத்தினேன். கடையே திரும்பிப் பார்த்தது.

மார்ச் 12

கம்பெனிக்கு மூன்று பக்கக் கடிதம். இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை.

மார்ச் 13

"ரெண்டையும் கலக்கச் சொல்லி எந்த மேதாவி உனக்குச் சொல்லிக் கொடுத்தான்?" என்று அவளிடம் எரிந்து விழுந்தேன்.

"நீங்கதான். ஒண்ணை மட்டும் ஊத்தினா மஞ்சக் கறை போகலைன்னு குதிச்சீங்களே. கதவைச் சாத்தச் சொன்னதும் நீங்கதான்."

நானா? எப்போது? ஏழு வருஷம் ஆகிறதாம். எனக்கு ஞாபகமே இல்லை.

மார்ச் 14

ஏழு வருஷம். வாரா வாரம். ஒரு மூடிதான் என்றாலும் அந்தப் பொந்துக்குள் உட்கார்ந்து தேய்த்திருக்கிறாள். அவள் இருமும்போதெல்லாம் நான் என்ன செய்தேன்? டிவி சத்தத்தைக் கூட்டினேன். சே, நானும் ஒரு மனுஷன்!

மார்ச் 16

நெஞ்சு டாக்டரிடம் அழைத்துப் போனேன். ஒரு குழாயில் ஊதச் சொன்னார். மூன்று தடவை ஊதினாள். முள் பாதிகூட ஏறவில்லை. நுரையீரல் புண்பட்டிருக்கிறது, முழுசாகச் சரியாகுமா என்று இப்போது சொல்ல முடியாது என்றார்.

"இவ்வளவு நாளா மூச்சு வாங்கியிருக்கே. வீட்டுல யார்கிட்டயும் சொல்லலையாம்மா?"

கம்பெனிக்காரனைத் திட்ட நான் வாயைத் திறந்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

"சொன்னேன் டாக்டர்."

என் பக்கம் திரும்பவே இல்லை.